டொக்கு நானாவும் பழுத்த பந்தும்

திருகோணமலையில் டொக்கு நானா தட்டிப் பார்க்காமல் நம்பிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. துறைமுகத்துக்குப் போகும் வீதியோரம் கொட்டில் போட்டு வத்தகப்பழம், அதுதான் தர்பூசணி, விற்கிற மனிதர். வீடு பாலத்துக்கு அப்பால், கிண்ணியாவில். பழத்தைக் காதருகே தூக்கி நடுவிரலால் 'டொக்' என்று ஒரு தட்டு. உள்ளே சிவப்பா வெளுப்பா என்று சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் பழத்தோடு நின்றிருந்தால் எனக்கு இன்று எழுத ஒன்றும் இருந்திராது. காஸ் சிலிண்டரைத் தட்டுவார். முச்சக்கரவண்டி டயரைத் தட்டுவார். பெண் பார்க்கப் போன வீட்டில் அலுமாரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பலகை நல்லம், எனக்குச் சம்மதம்" என்றாராம். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவிதான். இன்னும் அவருக்குக் கோபம் ஆறவில்லை.

நாங்கள் கூட்டாளிகள் ஆனது ஆஸ்பத்திரி வாங்கில் அருகருகே குந்தியிருந்தபோது. கப்பல் சாமான் எடுத்துக் கொடுக்கும் கந்தோர் ஒன்றில் நான் கிளாக்கர்; கம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்தே வலது தோள் இறுகிவிட்டது. அவருக்குப் பழம் பிடித்துப் பிடித்து இரண்டு தோளும் இறுகிக் கிடந்தன. பிசியோதெரபி அறை மேசையில் பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்று இருந்தது. நானா சும்மா இருப்பாரா? டொக்.

"உள்ளுக்க ஒண்டுமே இல்லையே மிஸ்."

"உங்களுக்கு இருக்கா நானா?" என்று சிரிக்காமலே கேட்டார் பிசியோ மிஸ். பிறகு இருவரையும் பார்த்துச் சொன்னார். "'மெடிசின் போல்' எண்டு உள்ளுக்குப் பாரம் வச்ச பந்து இருக்கு, அதில ஒண்டு வாங்குங்கோ. பாரம் குறைஞ்சதா, கைக்கு அடக்கமா. தலைக்கு மேல தூக்கேக்க மூச்சு வாங்கவும் கூடாது, முதுகு வளையவும் கூடாது. பழகினாப் பிறகு ரெண்டு பேரும் எதிரெதிரா நிண்டு எறிஞ்சு பிடியுங்கோ. முழங்காலை மடிச்சுப் பிடிக்கோணும்."

"பழக் காலத்துக்கு முந்திக் கை சரி வருமா மிஸ்?" நானா கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அதற்குக் காரணம் இருந்தது. லொறியில் வரும் பழத்தை வரிசையாக நின்று கைக்குக் கை எறிந்துதான் இறக்குவார்கள். லொறிக்கு நேர் கீழே நின்று முதல் பழம் பிடிக்கிற இடம் நானாவுடையது. அந்த வரிசைக்கு அவர் வைத்த சட்டம் இரண்டு. உன்னைப் பார்க்காதவனுக்கு எறியாதே. கைதவற விட்டவன் உடைந்த பழத்தை நின்ற இடத்திலேயே தின்று முடிக்க வேண்டும். தோள் இறுகியதும் மருமகன் பாசத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை வாங்கி வந்து, "மாமா, இந்த முறை நீங்க இதுல இருந்து பாருங்க, நான் பிடிக்கிறன்" என்று சொல்லிவிட்டார்.

"தம்பி, மனிசனக் கதிரையில குந்த வெச்சா, அதுக்கடுத்த பஸ் ஹோல்ட் மையவாடிதான், இறங்கினா அடக்கம்தான்" என்றார் நானா என்னிடம்.

பந்து வாங்கப் போனோம். விளையாட்டுச் சாமான் கடையில் இருந்த பந்தையெல்லாம் நிலத்தில் பரப்பி, ஒவ்வொன்றாகக் காதில் வைத்துத் தட்டினார். மிஸ் சொன்ன சின்னப் பந்தைத் தட்டிவிட்டு, "இது பிஞ்சு" என்று ஒதுக்கினார். கடைசியில் கரும்பச்சை நிறத்தில் ஒன்று அகப்பட்டது. தூக்க முடியாததால் குனிந்தே தட்டினார். முகம் மலர்ந்தது.

"சின்னப் பருமன், பெரிய பாரம், அமத்தலான சத்தம். இதுதான் தம்பி பழம்!"

"நானா, அது பத்துக் கிலோ. ஜிம்காரப் பொடியளுக்கு எடுத்தது" என்றார் முதலாளி.

"உங்களுக்கு விக்கத் தெரியும், தெரிஞ்செடுக்கத் தெரியா. கட்டுங்க."

சுமந்தவன் நான்தான் என்று சொல்லத் தேவையில்லை. கடற்கரையில் நானா அதைத் தூக்கப் பார்த்தார், பந்து அசையவில்லை. "நீங்க எறிங்க, நான் பிடிக்கிறன்" என்றார். என் பலமெல்லாம் கூட்டி எறிந்தேன். அது ஒரு சாண் தூரம் பறந்து என் பெருவிரலிலேயே விழுந்தது. ஐயோ, அம்மா!

"தவற விட்டவன் திங்கணும்" என்றார் அந்தக் கல்நெஞ்சக்காரர்.

அடுத்த கிழமை மிஸ் கேட்டார்: "தோளுக்கு வந்தனீங்கள், ஏன் காலை இழுக்கிறீங்கள்?"

மணல் பிடித்த பந்தைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. "விதைக்கு விட்டிருக்கன்" என்று நானா அதைக் கொட்டில் மூலையில் போட்டார். பிறகுதான் மிஸ் சொன்ன சின்னப் பந்து வந்தது. விடியற்காலையில் கிண்ணியா பஸ்ஸில், பேரப்பிள்ளையை வைத்திருப்பதுபோல மடியில் பந்தோடு வந்து இறங்குவார். எறிவோம், பிடிப்போம். எங்கள் நகரத்து வீதியிலும் கடற்கரையிலும் ஆடுமாடுபோலத் திரிகிற மான்கள், தின்கிற சாமான் என்று நினைத்துக் கிட்ட வந்து, மோந்து பார்த்து, ஏமாந்து போகும். நான் போனைப் பார்த்தால் எறிய மாட்டார். "என்னப் பாருங்க கிளாக்கர். பாக்காத ஆளுக்கு எறியிறது அடிக்கிறதுக்குச் சமன்." நாள் போகப் போகக் கை தலைக்கு மேலே ஏறியது, பந்தின் பாரமும் கூடியது. கடைசியில் மிஸ்ஸே, "நடுத்தரப் பழம் பிடிக்கலாம் நானா, ஆனா கெட்டித்தனம் காட்டக் கூடாது" என்று விட்டுக் கொடுத்தார்.

முதல் லொறி வந்த நாள் நானும் போயிருந்தேன். கொட்டில் முன்னால் வைக்கோல் பரப்பியிருந்தது. சிவப்புக் கதிரையும் இருந்தது. "மிஸ் ஓம் எண்டவ" என்று நானா சொல்லிப் பார்த்தார். "மிஸ்ஸுக்கு என்ன மாமா, விழுந்தா தூக்கிறது நாங்கதானே" என்று மருமகன் அவரைக் கதிரையில் இருத்திவிட்டு முதல் இடத்தில் நின்றுகொண்டார். பழங்கள் நானாவின் தலைக்கு மேலால் பறந்தன.

"ஒருத்தனும் என்னப் பாக்கிறானில்ல தம்பி" என்றார் மெதுவாக.

தேத்தண்ணிக்கு வேலை நின்றது. நானா மூலையில் கிடந்த கரும்பச்சைப் பந்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். லொறிக்கு மேலே நின்றவர் நானாவின் பழைய கூட்டாளி. பந்தை அவரிடம் ஏற்றியது யார் என்று கேட்காதீர்கள். அன்று இரவு எனக்கு மறுபடியும் தோள் வலித்தது.

வேலை தொடங்கியது. "சின்னப் பழம், வருது!" என்று மேலிருந்து குரல். மருமகன் ஒய்யாரமாகக் கையை நீட்டினார். அடுத்த கணம் வைக்கோலில் குந்தியிருந்தார், பந்து இரண்டு காலுக்கும் நடுவில்.

"மாமா! இதென்ன பழம்?"

"தட்டிப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும் மகன். தவற விட்டவன் திங்கணும். ம், திங்குங்க."

வரிசை முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"திங்க ஏலாட்டி அந்தக் கதிரையில இரிங்க." மருமகனும் சிரித்துவிட்டார், நல்ல பிள்ளை. எழுந்து போய்க் கதிரையில் இருந்தார்.

நானா லொறிக்குக் கீழே வந்து முழங்காலை மடித்து நின்றார். மேலே நின்றவர் சிரிப்பை நிறுத்தி நானாவின் முகத்தை நேராகப் பார்த்து, "நானா!" என்றார். பழம் வந்தது. பிடித்தார். தோள் தாங்கியது. அடுத்தவனுக்குக் கொடுக்காமல் அதைக் காதருகே தூக்கி, டொக் என்று தட்டினார். வரிசையே காத்து நின்றது.

"பழுத்திட்டு" என்றார். பிறகு அடுத்தவனின் முகத்தைப் பார்த்து எறிந்தார்.

இன்றும் விடியற்காலையில் நாங்கள் பந்து எறிகிறோம். பஸ் பிந்தினால், பந்து பிடிக்க ஆளில்லாமல் பாதையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். என் தோள் எப்போதோ சுகமாகிவிட்டது. டொக்கு நானாவிடம் மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.