ஆதிகேசவனின் பகல் தூக்கம்

ஃபேன் ஓடியது. குழாய் சொட்டியது. ரேடியோ இரைந்தது. ஆதிகேசவனுக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை.

அரக்கோணம் பார்சல் ஆபீஸில் ராத்திரி வேலை, திருத்தணி வீட்டில் பகல் தூக்கம் என்று கல்யாணமானதிலிருந்து நிம்மதியாக ஓடிய பிழைப்பு. போன வாரம் வாயைக் கொடுத்துத் தானே கெடுத்துக்கொண்டார்.

"நாள் பூரா லொடக்கு லொடக்குன்னு தறிய ஆட்டிக்கினு கீற. ஒரு லுங்கியாவது வெளியே வந்துதா?"

மனைவி வள்ளியம்மாள் தறியை நிறுத்தினாள். பையை எடுத்துக்கொண்டு பொதட்டூர்பேட்டையில் இருக்கும் தாய்வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் தெரிந்தது. படுத்தால் பின்கட்டிலிருந்து தறிச் சத்தம் வரவேண்டும். நடுநடுவே அவள் வளையல் குலுங்க வேண்டும். அவளே வேண்டும் என்று சொல்லத்தான் ரோஷம் விடவில்லை.

அந்தச் சத்தத்துக்கு ஈடாக முதலில் ஒரு ஃபேனை இரவல் வாங்கினார். போதவில்லை. சமையல்கட்டுக் குழாயடியில் தகர டப்பாவைக் கவிழ்த்துச் சொட்டவிட்டார். கண் செருகும் நேரத்தில் தண்ணீர் வழிந்து வந்து பாயை நனைத்தது. ரேடியோ முள்ளைச் சென்னைக்கும் கடப்பாவுக்கும் நடுவே நிறுத்தினார். அதுவோ தானாக நகர்ந்து, வேர்க்கடலைக்கு உரம் போடச் சொல்லித் தெலுங்கில் எழுப்பியது.

அன்று வேலையில், மூட்டைமேல் சாய்ந்தவர் தூங்கியே போனார். போர்ட்டர் பச்சையப்பன் அவர் முதுகில் குண்டக்கல் லேபிளை ஒட்டிவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா சார், உங்களையும் ஏத்திடட்டா?"

மேலதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னொரு தபா தூங்கினா வேலை போயிடும்" என்றார்.

விடிந்ததும் ஆதிகேசவன் பக்கத்து வீட்டுக் கௌரியம்மாளிடம் ஓடினார். அவளும் நெசவுக்காரிதான்.

"அக்கா, நான் தூங்கற வரைக்கும் எங்க தறியில கொஞ்சம் நெய்யேன்."

"பொண்டாட்டிய இட்டுக்கினு வர்றத வுட்டுட்டு என்னைக் கூப்புடுறியே!"

"அவ போனா போறா. எனக்குத் தூக்கம்தான் வேணும்."

கௌரியம்மாள் பின்கட்டுக்குப் போனாள். அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். சத்தமே வரவில்லை. தறிப் பக்கம் எட்டிப்பார்த்தே பல மாதமான மனிதர் எழுந்து போனார். அவள் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாக்கா?"

"நூலே இல்லாத தறியில இன்னாத்த நெய்யறது? பொங்கலோட தீந்துபோச்சு. தறி நின்னா நீ முழிச்சிக்கிறேன்னு, வெறும் தறியவே ஆட்டிக்கினு இருந்துச்சேப்பா அந்தப் பொண்ணு!"