ட்ரோம்போன் பொருத்தம்

பெண் பார்க்கப் போனால் பெண்ணைத்தான் பாடச் சொல்வார்கள். அவளும் தரையைப் பார்த்தபடி நாலு வரி பாடி, ஐந்தாவது வரி மறந்து உள்ளே ஓடிவிடுவாள். மாப்பிள்ளைப் பயல் லட்டை மென்றுகொண்டே, பெரிய வித்துவான்போல "பரவாயில்லை" என்று தலையாட்டுவான். ஊர் உலகத்து வழக்கம் இதுதான். மாப்பிள்ளையை எழுந்து நின்று வாசித்துக் காட்டச் சொன்ன ஒரே குடும்பம் மாத்தளை மாவட்டத்தில் எனக்கென்றே காத்திருந்தது.

அப்போது நான் மாத்தளை டவுனில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளார்க். பார்க்க லட்சணமாக இருப்பேன் (இது என் அம்மாவின் வாக்குமூலம், வேறு சாட்சி கிடையாது). எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த சுப்பையா என்பவரின் மகள் மல்லிகாவின் ஜாதகம் வீட்டுக்கு வந்தது. கூடவே போட்டோவும் வந்தது. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே கியூவில் நின்ற காலம் அது. அதனால் நான் சாப்பிடாததை வீட்டில் யாரும் துக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுப்பையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெற்றி நிறைய விபூதி, வெள்ளிக்கிழமை விரதம், தோட்டத்துக் கோயிலில் தலைவர். ஆனால் மாலையானால் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, அமெரிக்க ஸ்விங் இசைத்தட்டைப் போட்டுக் கண்ணை மூடிவிடுவார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் கண்டிப் பக்கம் ஒரு ராணுவ முகாமில் அவர் அரிசிக் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சனிக்கிழமைகளில் அங்கே சிப்பாய்களுக்காகப் பெரிய பேண்ட் வாசிக்கும். சக்ஸபோன் ஒரு வரிசை, ட்ரம்பெட் ஒரு வரிசை, ட்ரோம்போன் ஒரு வரிசை. ஒரு வரிசை கேள்வி கேட்கும், அடுத்த வரிசை பதில் சொல்லும். முறை வந்த வரிசை டக்கென்று எழுந்து நின்று ஊதிவிட்டு உட்காரும். அதைப் பார்த்ததிலிருந்து தமக்கு வேறு எந்தச் சங்கீதமும் ருசிக்கவில்லை என்பார்.

சம்பந்தம் பேசப் போனவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். கல்யாணப் பேச்சு என்றால் உண்மைக்கு லீவு கொடுத்துவிடுவார். கிராமபோனைக் கண்டதும், "நம்ம பையனும் பேண்ட்தாங்க" என்று எடுத்துவிட்டிருக்கிறார். நான் பள்ளிக்கூட கடேட் பேண்டில் இருந்தது உண்மை. பெரிய மேளத்தைச் சுமந்தேன். அடித்தவன் வேறொருத்தன்.

"என்னா வாசிப்பாரு?" என்று சுப்பையா எழுந்தே விட்டாராம்.

மாமா சுவரைப் பார்த்தார். ஒரு பேண்ட் கோஷ்டியின் படம் தொங்கியது. அதில் இருப்பதிலேயே நீளமான வாத்தியத்தின்மேல் விரலை வைத்து, "இதுதாங்க" என்றார். அது ட்ரோம்போன்.

சுப்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். "நம்ம வெள்ளக்கார தொர ஊருக்குப் போறாருங்க. தோட்டத்ததான் அரசாங்கம் எடுத்திருச்சே. தை மாசம் கிளப்புல பிரியாவிடை டான்ஸ் இருக்கு. பீலிக்ஸ் மாஸ்டர் பேண்ட் வருது. தம்பிய அதுல வாசிக்கச் சொல்லுங்க. பெருசா ஒண்ணும் வேணாம். ட்ரோம்போன்காரன் எந்திரிச்சு நின்னு, அடியில இருந்து உச்சிக்கு ஒரு இழுப்பு இழுப்பான் பாருங்க, அது ஒண்ணு வந்தாப் போதும். அன்னைக்கே வெத்தல பாக்கு மாத்திக்குவோம்."

வரலேன்னா என்ன என்று மாமா கேட்கவில்லை. கேட்க அவசியமும் இல்லை.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுமுன்னே சொன்னார்: "ஜாதகம் பொருந்திருச்சு. இனி ட்ரோம்போன் பொருந்தணும்."

"மாமா, அத நான் கண்ணால கூடப் பாத்தது இல்லையே!"

"நானும் இன்னைக்குத்தான்டா பாத்தேன். நீளமா இருக்கு. போ, போய்ப் பழகு."

பீலிக்ஸ் மாஸ்டர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற பறங்கியர். யுத்த காலத்தில் கொழும்பு ஹோட்டல்களில் சக்ஸபோன் வாசித்தவர். மூன்று பாஷையில் திட்டுவார், நாலாவதாகப் போர்த்துகீசிலும் ஒரு கெட்ட வார்த்தை வைத்திருந்தார். என் கதையைக் கேட்டு வயிறு நோகச் சிரித்துவிட்டு, ஒரு பழைய ட்ரோம்போனைக் கையில் தந்தார்.

"பிள்ளே, எல்லா நோட்டும் ஒரே அளவா ஊதினா அது மார்ச்சிங். பொலிஸ்காரன் வேல. ஸ்விங் அப்பிடி இல்ல. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. நொண்டி நடக்கிற மாதிரி. ஆனா சந்தோஷமா நொண்டணும்."

மார்கழி முழுக்க நொண்டினேன். சந்தோஷம் மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டு மாடு பால் மறந்தது. நான் ஊதத் தொடங்கினால் தெருநாய்கள் முதலில் கூடவே பாடின, பிறகு தெருவையே காலி பண்ணிவிட்டன. அமெரிக்காவில் குழாய் அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணத்தை ட்ரோம்போன் வாயில் வைத்து மூடித் திறந்து வாவ் வாவ் என்று பேச வைப்பார்களாம். மாத்தளைக் கடைகளில் அது கிடைக்காமல் மாஸ்டர் ஒரு பெரிய சிரட்டையைத் தேய்த்துக் கொடுத்தார். அதை வைத்து ஊதினால் சத்தம் பாதியாகக் குறைந்தது. அக்கம்பக்கத்தார் அந்தச் சிரட்டையைக் கும்பிட்டார்கள்.

ஆனால் அந்த இழுப்பு மட்டும் எப்படியோ கைக்கு வந்துவிட்டது. ட்ரோம்போனில் விரல் வைக்கத் துளை கிடையாது. முன்னால் ஒரு நீண்ட குழாய், அதைத் தள்ளி இழுத்தால்தான் சுரம் மாறும். மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்: "உனக்கு மூணாவது பாட்டுல எட்டே எட்டு பார், முப்பத்திரண்டு தட்டு. எழும்பு, இழு, இரி. அதுக்கு முந்தி ட்ரோம்போன மடியில வச்சுக்கோ. குழாய் நழுவாம இருக்கிற பூட்டத் தொறக்கவே வேணாம்."

இனி என் மேதாவிலாசத்துக்கு வருகிறேன். அந்தக் குழாய் வழுக்கி ஓட அதற்கென்றே சீமையிலிருந்து வருகிற ஒரு எண்ணெய் போட வேண்டும். இறக்குமதியெல்லாம் நின்றுபோய் சட்டைப் பொத்தானுக்கே தட்டுப்பாடாக இருந்த நாட்களில் அதற்கு எங்கே போவது? மாஸ்டர் தண்ணீரைத் தொட்டுப் பூசிச் சமாளித்தார். நான் டான்ஸ் அன்று மத்தியானம், யாரையும் கேட்காமல், நல்ல தேங்காய் எண்ணெயை வழிய வழிய ஊற்றினேன். மாத்தளை வெயிலில் குழாய் வெண்ணெயாக ஓடியது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தை மாதக் காலையில் தலை எண்ணெய்ப் போத்தலை வெயிலில் வைத்து உருக்கித்தான் தினமும் தலை வாருவேன். அன்று காலையிலும் அப்படித்தான் வாரினேன். அதே எண்ணெய், அதே போத்தல். ஆண்டவன் எனக்குத் தலையைக் கொடுத்தது எண்ணெய் தேய்க்க மட்டும்தான் போலிருக்கிறது.

திறந்த லொறியில் மலை ஏறினோம். கிளப்பில் கணப்பு அடுப்பு துரைமார் பக்கம், பேண்ட் விறாந்தைக் கதவுப் பக்கம். மூடுபனி கேட்காமலே உள்ளே வந்து எங்களோடு உட்கார்ந்தது. புதிதாகத் தோட்டத்தைப் பொறுப்பெடுத்த அதிகாரி பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மடியில் ட்ரோம்போன் பனிக்கட்டியாகிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. தேநீர் மேசைக்குப் பின்னால் தன் அம்மாவோடு நின்ற மல்லிகாவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். போட்டோக்காரன் படுபாவி, பாதி அழகைத்தான் எடுத்திருந்தான்.

முதல் இரண்டு பாட்டுக்கும் துரைமார் ஆடினார்கள். மூன்றாவது தொடங்கியது. சுப்பையா முன்வரிசையில் கண்ணை மூடித் தயாரானார். மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். டக்கென்று எழுந்தேன். பூட்டைத் திறந்தேன். மூச்சை இழுத்தேன். குழாயைத் தள்ளினேன்.

குழாய் அசையவில்லை. பலம் கொண்டமட்டும் தள்ளினேன். ட்ரோம்போன் முழுசாக முன்னால் போனது, அதன் பின்னாலேயே நானும் இரண்டடி போனேன்.

இழுத்த மூச்சை என்ன செய்வது? ஊதினேன். ட்ரோம்போனில் குழாய் அசையாவிட்டால் அது வெறும் பியூகிள்தான். படையில் ஊதுகிற நாலைந்து சுரம்தான் வரும். பதற்றத்தில் உதட்டை இறுக்கினேன், தளர்த்தினேன். நீளமாக, நடுக்கத்தோடு, உயிர் உருகுகிற மாதிரி ஒரு ஊது வந்தது. பொலிஸ் மரியாதையோடு யாரையாவது அடக்கம் பண்ணும்போது கேட்போமே, அதே மாதிரி.

மேளக்காரன் முதலில் நிறுத்தினான். ஒவ்வொருவராக எல்லாரும் நிறுத்தினார்கள். முன்வரிசையில் இருந்த பொலிஸ் இன்ஸ்பெக்டர் விறைத்து எழுந்து சல்யூட் அடித்தார். துரை கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். அப்புறம் கிளப்பே எழுந்து தலைகுனிந்தது. எனக்குத்தான் மரியாதை என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த உற்சாகத்தில் இன்னும் உருக்கமாக ஊதினேன்.

பின்வரிசையில் கிசுகிசு தொடங்கியது.

"யாருங்க செத்தது?"

"தெரியல. இன்ஸ்பெக்டரே சல்யூட் அடிக்கிறாருன்னா கொழும்புல பெரிய ஆளாத்தான் இருக்கும்."

"அய்யய்யோ, அப்ப கர்பியூ போட்டுருவாங்களே! பிள்ளைக தனியா இருக்குதுகளே!"

கர்பியூ, அதாவது ஊரடங்கு, என்ற சொல்லுக்கு அப்போதெல்லாம் கால் முளைத்திருந்தது. நான் மூச்சு வாங்குவதற்குள் கதவுப் பக்கம் நெரிசல். ஜீப்புகள் உறுமின. எங்கள் பேண்ட்காரர்கள் வந்த லொறியிலேயே ஏறிப் பறந்தார்கள். இன்ஸ்பெக்டர் டெலிபோனை எடுத்து மாத்தளை ஸ்டேஷனுக்கு அடித்து, "யார்?" என்றார். அவர்கள் "யார் சேர்?" என்றார்கள். இரண்டு பக்கமும் இது ஏதோ மேலிடத்து ரகசியம் என்று முடிவுகட்டிப் போனை வைத்துவிட்டன. அன்று மாத்தளையில் பாதிக் கடைகள் வழக்கத்துக்கு முன்னமே பலகை போட்டு மூடின என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

கிளப்பில் மிஞ்சியது துரை, பீலிக்ஸ் மாஸ்டர், சுப்பையா, தேநீர் மேசைக்காரர்கள், யாரும் தொடாத கட்லட் மலை, பிறகு நான்.

துரை வந்து என் தோளில் தட்டினார். கண்ணில் நீர். "ரொம்ப நல்லா ஊதினான். நம்ம ரெஜிமென்ட்ல கூட இப்படி ஊத ஆள் இல்ல" என்று தோட்டத் தமிழில் சொல்லிவிட்டு, தனக்கு ஒரு விஸ்கி ஊற்றிக்கொள்ளப் போனார். மாஸ்டர் போர்த்துகீசிய வார்த்தையை எடுத்து உபயோகித்தார்.

சுப்பையா கிட்ட வந்தார். ட்ரோம்போனை வாங்கினார். குழாயைத் தள்ளிப் பார்த்தார். விரலை மோந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் முடிந்துபோயிற்று என்று தெரிந்துவிட்டது. அழுகை வந்தது. போட்டோவை எப்படித் திருப்பிக் கொடுப்பேன் என்பதுதான் எனக்கு அப்போதிருந்த ஒரே துக்கம்.

"தேங்கா எண்ணெயா போட்டீங்க?"

கேட்டது அவர் இல்லை. மல்லிகா. கையில் கொதிநீர்க் கேத்தல். என் பதிலுக்குக் காத்திராமல் குழாய்மேல் வெந்நீரை மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஊற்றினாள். தரையில் எண்ணெய் சொட்டியது. "இப்ப இழுங்க" என்றாள்.

குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஊதினேன். அடியிலிருந்து உச்சிக்கு ஒரு இழுப்பு! அப்படி ஒன்று என் வாழ்நாளில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நொண்டியது, சந்தோஷமாகவே நொண்டியது. அந்தத் தலைகால் தெரியாத குதூகலத்தில் மறுபடியும் குழாயைத் தள்ளினேன். அது கையை விட்டுக் கிளம்பி, ஆடுகளத்தைத் தாண்டிப் பறந்து, துரைக்காகச் செய்து வைத்திருந்த பிரியாவிடை கேக்கில் குத்தி நின்றது.

சுப்பையா கண்ணைத் திறந்தார். கேக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒங்களுக்கு வாசிக்கத் தெரியாதுதானே?"

"தெரியாதுங்க. மாமாதான் சொன்னாரு."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "என்னா மல்லிகா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. "இவரால யாரையும் ஏமாத்த முடியாதுப்பா. முடிச்சு வைங்க" என்றாள். வெற்றிலை பாக்கு இல்லாததால் கேக்கில் ஒரு துண்டை வெட்டி மாற்றிக்கொண்டோம். அதில் லேசாக எண்ணெய் வாசம் அடித்தது.

கல்யாணமாகி டவுனில் குடியிருந்தோம். இரண்டு பிள்ளைகள். ஓய்வுபெற்றதும் மாமனாரும் எங்களோடே வந்துவிட்டார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் தெரு எரிந்தபோது, பின்வீட்டு காசிம் ஹாஜியார் எங்களை இழுத்துக்கொண்டு போய்த் தம்முடைய மிளகுக் கிட்டங்கிக்குள் வைத்துப் பூட்டினார். இருட்டு. மூட்டைகளுக்கு நடுவே மல்லிகா பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நடுங்கினாள். எனக்கும் பல் கிட்டித்துப்போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ, நாடு முழுக்க ஊரடங்குச் சட்டம் என்றது.

மாமனாரின் குரல் மெதுவாக வந்தது: "மாப்பிள... இந்தத் தடவையும் நீங்கதானா ஊதுனீங்க?"

மல்லிகா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்து, மிளகுத் தூள் ஏறி, தும்மல் வெடித்தது. பிள்ளைகளும் சேர்ந்து தும்மின. வெளியிலிருந்து ஹாஜியார், "யா அல்லாஹ்! உசுர கையில புடிச்சுக்கிட்டு இருக்கோம், உள்ளுக்கு என்னா சிரிப்பு? சத்தம் போடாதீங்க!" என்று கதவில் வாயை வைத்துக் கெஞ்சினார். அந்த இருட்டில் தடவித் தேடி மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊரடங்குகள் வந்தன, எல்லாம் அசல். ஒவ்வொன்றுக்கும் எங்கள் வீட்டில் பழி என்மேல்தான். ரேடியோ சொல்லி வாய் மூடுமுன்னே எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். நானும் எழுந்து விறைப்பாக நின்று, ஆமாம், ஊதியது நான்தான் என்று ஒப்புக்கொள்வேன். பிள்ளைகள் சிரித்துவிட்டுத் தூங்கிப்போகும்.