மனு பலித்த மறுநாள்

"உங்க வீட்டுக்காரர் இங்க இல்லம்மா. நேத்துதான் மாத்தினாங்க," என்றார் சிறை வாசல் எழுத்தர்.

தையல்காரி கையிலிருந்த சட்டைப் பொட்டலத்தை அணைத்துக்கொண்டாள். மாற்றச் சொன்னதே அவள்தான். வீட்டிலிருந்து இங்கே வர ஏழு மணி நேர பஸ் பயணம். ஊர்ச் சிறைக்கே மாற்றுங்கள் என்று மனு எழுதினாள். மாதக்கணக்காகப் பதில் இல்லை. பொறுமை போய், தையல் மெஷினோடு இங்கேயே அறை பிடித்துக் குடிவந்தாள். வந்த மறுநாள் மனு பலித்துவிட்டது.

"நான் இங்க வந்துட்டேன்னு அவருக்குத் தெரியுமா?"

"கடிதம் போட்டீங்களே. வண்டில ஏறமாட்டேன்னு ஒரே அடம்!"

அறையைக் காலி செய்து பஸ் ஏறப் பத்து நாள் ஆனது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், மடியில் தோல்பையோடு, அவள் தோளில் சாய்ந்து தூங்கினார்.

"ஐயா, தள்ளி உட்காருங்க."

"மன்னிச்சுக்கம்மா. அலைச்சல்."

ஊர்ச் சிறையில் எழுத்தர்தான் வேறு, செய்தி அதேதான்.

"இன்னிக்குக் காலைலதான் பழைய சிறைக்கே போனாரு. 'என் பொண்டாட்டி அங்க தனியா இருக்கா'ன்னு வந்த அன்னைக்கே மனுப் போட்டாரு. நேத்து வந்த எங்க புது அதிகாரி இளகின மனசுக்காரர், மனுவைப் பார்த்த உடனே கையெழுத்துப் போட்டுட்டாரு."

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் இப்படி ஒரு வார்த்தை அவளிடம் சொன்னதில்லை. இப்போது அரசாங்கத்திடம் எழுதியே கொடுத்திருக்கிறான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஏக்கமும் தாங்கவில்லை. அவன் முகம் மறந்துவிடுமோ என்றுகூட பயந்தாள். அளவு மட்டும் மறக்கவில்லை: கழுத்து பதினைந்தரை, தோள் பதினெட்டு. பொட்டலத்தில் இருந்த சட்டை அந்த நினைவில் தைத்ததுதான்.

எதற்கும் இருக்கட்டும் என்று, அவனை ஊருக்கே அனுப்பச் சொல்லி அங்கேயே இன்னொரு மனு எழுதிக் கொடுத்தாள். அது பலிக்கும்வரை போய்ப் பார்த்துவிட்டாவது வரலாம் என்று மறுநாள் பஸ் ஏறினாள்.

பக்கத்தில் அதே தோல்பைக்காரர்.

"மறுபடியுமாம்மா? யாரைப் பார்க்க?"

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், அந்தக் கடைசி மனுவைத் தவிர. கணவன் பெயரைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பையிலிருந்து முத்திரை வைத்த உறையை எடுத்துப் பெயரைச் சரிபார்த்தார்.

"நான் கோர்ட்டு சிப்பந்திம்மா. உங்க வீட்டுக்காரரோட விடுதலை உத்தரவைத் தூக்கிக்கிட்டு, அவர் மாறுற சிறைக்கெல்லாம் நானும்தான் ஓடிட்டிருக்கேன்; தயவுசெஞ்சு இன்னொரு மனு மட்டும் போட்டுடாதீங்க!"