திறக்காத கடிதம்

வியாழக்கிழமை காலையில் மெயிலில் வந்த கடிதத்தை மரியசெல்வம் சனிக்கிழமை மதியம் வரை திறக்கவில்லை. அவனுடைய கல்யாணத்துக்கு வேண்டிய கடிதம் அது.

கடலூரில் ஒரு பங்குக் கோவில் அலுவலகத்தில் அவன் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பெண் ஜான்சி, சிதம்பரம் பக்கத்து அண்ணாமலை நகர். திங்கட்கிழமை கல்யாணம். மூன்று ஞாயிறும் இரண்டு ஊர்க் கோவிலிலும் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தாகிவிட்டது. யாரும் தடை சொல்லவில்லை என்று பெண்ணின் பங்குக் கோவிலிலிருந்து கடிதம் வந்தால்தான் சாமியார் கல்யாணத்தை நடத்துவார். அந்த வாரமே விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். தவறினால் தவக்காலம் முடிந்து ஈஸ்டர் கழித்துத்தான் தாலி.

அந்தக் கோவிலில் எழுத்து வேலையும் பார்க்கும் சிதம்பரம் உபதேசியாருக்குக் கம்ப்யூட்டர் வராது. ஜான்சியே டைப் செய்து அனுப்பியிருந்தாள்.

பார்த்துப் பார்த்து, கடிதம் வந்த அன்றைக்குத்தான் மரியசெல்வம் ஒரு செய்தியைப் படித்துத் தொலைத்தான். ஃபைலைத் திறந்து படிக்க அவன் வைத்திருக்கும் டெக்ஸ்ட் எடிட்டரில் பாதுகாப்பு ஓட்டையாம். ஃபைலுக்குள் யாராவது கட்டளையை ஒளித்து வைத்திருந்தால், திறந்த உடனே அது ஓடும். கம்ப்யூட்டர் அவர்கள் கைக்குப் போய்விடும். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நூற்றிருபது வருட ஞானஸ்நானப் பதிவுகள் இருந்தன. பாவம், பயப்படாமல் என்ன செய்வான்?

ஓட்டையை அடைத்த புது வெர்ஷனை ஏற்றினான். பதிவுகளில் தமிழெல்லாம் கட்டம் கட்டமாகிவிட்டது. எழுத்தைச் சரிசெய்ய எடிட்டரோடு இன்னொரு சேர்மானத்தை ஏற்றினான். எழுத்து வந்தது. வெள்ளிக்கிழமை, அந்தச் சேர்மானத்திலேயே ஓட்டை என்று செய்தி வந்தது.

ஜான்சி போன் செய்தாள்.

"என்னங்க, லெட்டர் பாத்தீங்களா?"

"இன்னும் தொறக்கல. நீதான் அனுப்புனியான்னு உறுதி பண்ணணும்."

"எம் பேருலதான வந்திருக்கு?"

"பேர யாரு வேணா போட்டுக்கலாம். இப்பப் பேசுறதும் நீதானான்னு பாக்கணும். நிச்சயத்தன்னிக்கு நீ என்ன கலர் புடவ கட்டியிருந்த?"

ஜான்சி அதையே திருப்பிக் கேட்டாள்.

"நீங்க சொல்லுங்க."

மரியசெல்வம் யோசித்தான். கேள்வி கேட்டவனுக்கே பதில் தெரியவில்லை.

"எனக்கு எதுக்குத் தெரியணும்? அது உனக்கான கேள்வி" என்றான். நல்ல மனுஷன்தான்; வாய்தான் இப்படி.

"லெட்டர போட்டோ எடுத்து அனுப்பவா?"

"போட்டோவுலயும் ஒளிச்சு வெக்கலாம், ஜான்சி."

அப்புறம் அவள் அம்மா ஜோதி மேரி கூப்பிட்டார். "ஏன் தம்பி, எம் பொண்ணு என்ன திருடியா? ஒரு கடுதாசியத் தொறக்க இவ்ளோ விசாரணையா?"

"இல்லீங்கத்த, பொதுவா யாரையும் நம்பக்கூடாதுன்னு ஒரு விதி."

அத்தை போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை அதற்கும் அடைப்பு வந்தது. பயபக்தியோடு ஏற்றினான். ஓட்டை அடைபட்டது. கூடவே, வெளியிலிருந்து வரும் எந்த ஃபைலையும் இனித் திறக்க மாட்டேன் என்று எடிட்டர் அடம்பிடித்தது. இப்போது அவன் தயார், அது தயாரில்லை.

சாமியார் எட்டிப் பார்த்தார்.

"சிதம்பரம் லெட்டர் வந்துச்சாப்பா?"

"வந்துடுச்சு சாமி. தொறக்கதான் முடியல."

"ஆறு மணிக்குள்ள எம் மேசைக்கு வரணும். இல்லன்னா ஈஸ்டருக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

மரியசெல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தாறு வயதில்தான் இந்தச் சம்பந்தமே அமைந்தது. ஜான்சிக்குப் போன் போட்டான்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பேப்பர்ல எழுதி ஆள்கிட்ட குடுத்து அனுப்புனா தொறப்பீங்களா?" என்று நிதானமாகக் கேட்டாள்.

"பேப்பர்னா பயமே இல்ல, ஜான்சி!"

"சரிங்க. அனுப்புறேன்."

எவ்வளவு பொறுமையான பெண் என்று நெகிழ்ந்துபோனான்.

ஐந்தரை மணிக்கு சிதம்பரம் உபதேசியார் ஆண்ட்ரூ, பஸ்ஸில் வந்த களைப்போடு உள்ளே நுழைந்து ஒரு கவரை நீட்டினார். கவரின் மேல் பங்கு முத்திரையும், கீழே ஜான்சியின் கையெழுத்தும் சரியாக இருந்தன. மரியசெல்வம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிரித்துக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய் சாமியார் மேசையில் வைத்துவிட்டு வந்தான்.

"என் கல்யாணத்தையே காப்பாத்திட்டீங்க, உபதேசியாரே! மெயில்ல வந்த அதே லெட்டருதான?"

ஆண்ட்ரூ தயங்கினார்.

"மெயில்ல வந்ததுல தடை இல்லன்னு இருந்துச்சு தம்பி; இது, இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருக்குன்னு மத்தியானம் பொண்ணே வந்து எழுதிக் குடுத்தது."