பிளாஸ்டிக் உடுப்புப் போட்ட குண்டு

எனக்கு அரைகுறையாகத் தெரிந்த விஷயங்களைத்தான் நான் உரக்கப் பேசுவேன். (முழுதாகத் தெரிந்தவை மிகக் குறைவு என்பதால் பேச்சுக்குப் பஞ்சமே வந்ததில்லை.)

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் என்னோடு வேலை செய்யும் யென்ஸ் ஒரு வேட்டைக்காரன். நானும் வேட்டை உரிமம் எடுத்த புதிதில், அவனுடைய கராஜில் துப்பாக்கித் தோட்டாக்களைக் கையால் நிரப்பத் தொடங்கினேன். அங்கேதான் அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பார்த்தேன். பெரிய குழலில் சின்னக் குண்டைச் சுடுவதற்காக அதைச் சுற்றி மாட்டுவது. குழலை விட்டு வெளியேறியதும் உறை கழன்று விழும், குண்டு மட்டும் பறக்கும். எனக்கோ ராக்கெட் செய்துவிட்ட பெருமை! மனைவி சுகந்தியையும் மகள் ஆரணியையும் சுடுதளத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

குறி பார்த்துச் சுட்டேன்.

"டிக்."

சோடாப் போத்தல் திறந்தாலும் அதைவிடச் சத்தம் வரும். இலக்கு அட்டையில் துளையே இல்லை. குறி தவறிவிட்டது என்று நினைத்து, இரண்டாவது தோட்டாவைத் தள்ளி விசையில் விரலை வைத்தேன். யென்ஸ் ஏதோ கத்தினான். காதுக் கவசத்துக்குள் அது 'சுப்பர்' என்று கேட்டது. நான் புன்னகைத்தேன்.

அவன் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். "ஸ்டொப்! விரலை எடு! துப்பாக்கியைத் திருப்பாதே!"

தளம் முழுவதும் சுடுவது நின்றது. எல்லோரும் காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்கள். யென்ஸின் முகத்தில் இரத்தமே இல்லை. "முதல் குண்டு குழலுக்குள் நிற்குதென்று நினைக்கிறேன். இதையும் சுட்டிருந்தால் துப்பாக்கி உன் முகத்தில் வெடித்திருக்கும்."

அந்த அமைதியில், பின்னால் நின்ற சுகந்தி கேட்டாள்:

"இஞ்சேருங்கோ, உள்ளுக்கு மருந்து போட்டனீங்களோ?"

"சும்மா இரும்! அது போடாமல் ஆரும்…" என்றேன். உறையை மாட்டியது ஞாபகம் இருந்தது. தடவிப் பார்த்தது, ரசித்தது, எல்லாம் ஞாபகம் இருந்தது. வெடிமருந்தை ஊற்றியது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

அம்மா என்ன கேட்டாள் என்று யென்ஸ் ஆரணியிடம் விசாரித்தான். அவள் கணீரென்ற டேனிஷில் தளத்துக்கே மொழிபெயர்த்தாள்.

யென்ஸ் இரண்டாவது தோட்டாவை மெதுவாக வெளியே எடுத்துவிட்டு, குழலுக்குள் கம்பியை விட்டுத் தள்ளினான். பனிக்கால உடுப்போடு பாலர் பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளை மாதிரி, பிளாஸ்டிக் உறை கலையாமல் குண்டு வந்து விழுந்தது. தோட்டாவின் அடியில் இருக்கும் சின்னப் பொறிமூடி மட்டும் வெடித்து அதைக் குழலுக்குள் தள்ளியிருக்கிறது. மிச்சத் தோட்டாக்களையும் பிரித்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் மருந்து இருந்தது, அந்த இரண்டாவதிலும். அன்று கார் ஓட்ட என்னால் முடியவில்லை. சுகந்திதான் ஓட்டினாள்.

நாங்கள் தமிழில் எதைக் கேட்டாலும் ஆரணி டேனிஷில்தான் பதில் சொல்லுவாள். ஆனால் நான் தேத்தண்ணி போட்டாலும் சரி, கறி வைத்தாலும் சரி, குசினி வாசலில் வந்து நின்று சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் கேட்பாள்:

"அப்பா, மருந்து போட்டனீங்களோ?"