ஏணி எங்கள் ஏழாம் மாடிக்கு வந்த விவரம்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவியும் பெண்கள் இருவரும் சுகம். தங்கள் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்றும், அக்காவின் புதுப் பல்செட் இப்போது வாயில் நிற்கிறது என்றும் நம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். மாத்திரை போட்டபிறகு படித்தால் இன்னும் நல்லது.

ஏணி எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். எந்த ஏணி என்று கேட்காதீர்கள். பதினான்கு வருடம் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடிய அதே ஏணிதான். ஆறு வருடத்துக்கு முன் இறுதிப் போட்டியில், நம் அணி ஒரு புள்ளி பின்தங்கி, இரண்டே நொடி மிச்சம் இருக்கையில், யாரும் தடுக்காமல் நின்று போடக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் வளையத்துக்கு வெளியே போட்டாரே, அவரேதான். அன்றைக்குத் தாங்கள் டிவி மேல் செருப்பை வீசியதும், அந்த டிவியை நான் பழுதுபார்க்கத் தூக்கிப் போனதும், அவர் பேச்சை இனி யாரும் எடுக்கக் கூடாது என்று தாங்கள் உத்தரவு போட்டதும் எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் அத்தான், அவரை நேரில் பார்த்ததும் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். மனுஷனா அது! நான் நிமிர்ந்து பார்த்தால் சட்டையின் இரண்டாவது பொத்தான்தான் தெரிகிறது. காபி கொடுத்தேன், கோப்பை அவர் கைக்குள் போனது, காணோம்.

எங்கள் நிறுவனம் ஊரார் பணத்தை வாங்கி முதலீடு செய்து கொடுப்பது என்று தங்களுக்குத் தெரியும். அதில் நான் பணத்தைத் தொடுபவன் அல்ல. நாற்காலி, மேஜை, விளக்கு, கண்ணாடிக் கதவு, இவைதான் என் பொறுப்பு. ஆகவே அவர் வந்தது முழுக்க என் தலையில்தான் விடிந்தது. முதல் நாள் வரவேற்பறையில் தொங்கிய பெயர்ப்பலகை அவர் நெற்றியில் பட்டுக் கழன்று விழுந்தது. அவர் பலகையைப் பார்த்து “மன்னிச்சிடுங்க” என்றார். உட்கார்ந்த நாற்காலி புஸ்ஸென்று தரையோடு இறங்கியது. கூட்ட அறையில் காலை நீட்ட வழியில்லாமல் முழங்காலைத் தூக்க, மேஜையே எழுந்து, மேனேஜரின் தண்ணீர் அத்தனையும் ஆண்டறிக்கை மேல் கவிழ்ந்தது. வாடிக்கையாளர்களோடு படம் எடுத்து மாட்டத்தான் மேனேஜர் அவரை வேலைக்கு வைத்ததே. படத்திலோ எல்லோருக்கும் முகம் இருக்கிறது, இவருக்குக் கழுத்து வரைதான். இவ்வளவுக்கும் ஆள் சும்மா வந்தவர் இல்லை அத்தான். காலில் அறுவை முடிந்து படுக்கையில் கிடந்தபோதே புத்தகத்தை எடுத்து, நாலு வருடம் படித்து, எங்கள் மேனேஜரே இரண்டு தடவை கோட்டைவிட்ட முதலீட்டு ஆலோசகர் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறியவர். இதைச் சொன்னது மேனேஜர் இல்லை என்பதைத் தாங்களே ஊகிக்கலாம்.

இப்போது நேற்று நடந்ததைக் கேளுங்கள். மேஜைக் காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தலாம் என்று சுத்தியலோடு கூட்ட அறை மேஜைக்குக் கீழே புகுந்திருந்தேன். திடீரென்று கதவு திறந்து ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே வரவும் முடியவில்லை, தும்மவும் முடியவில்லை. வந்தது ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் ஒருவர். சந்தை விழுந்துவிட்டது, பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரு வாரமாகப் போனில் முழங்கியவர். சமாளிக்க முடியாமல் மேனேஜர் நம் ஏணியை முன்னால் தள்ளிவிட்டார்.

அந்தம்மா எடுத்த எடுப்பிலேயே, “நீதானேப்பா அந்தக் கடைசி ரெண்டையும் விட்டவன்?” என்றார்.

“ஆமாம்மா. நான்தான்.”

“ஏன் விட்ட?”

என் மூக்குக்கு நேரே ஏணியின் வலது முழங்கால். அவர் கை கீழே வந்து அதை ஒரு தடவை அழுத்தியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

“பாதி ஆட்டத்துலயே முழங்கால் போயிடுச்சும்மா. கோச்கிட்ட சொன்னா வெளிய உட்கார வச்சிடுவாரேன்னு மறைச்சிட்டேன். பந்து போடக் கை மட்டும் போதாது, கால் மடங்கி நிமிரணும். அது மடங்கல. நான் வாயத் திறந்திருந்தா நல்ல காலோட வேற ஒருத்தன் அங்க நின்னிருப்பான். அதனால உங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டேன். உங்க பணம் ஆறுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. இன்னும் குறையலாம். எப்ப ஏறும்னு எனக்குத் தெரியாது. இங்க யாருக்கும் தெரியாது.”

மேனேஜரின் ஷூக்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டன. பிறகு அந்தம்மா சொன்னார்: “ஒன்பது வருஷமா வரேன். ஏறும், ஏறும்னுதான் எல்லாரும் சொன்னீங்க. தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் இவன்தான். பணம் இங்கயே இருக்கட்டும். இனிமே என் கணக்க இவன் பார்க்கட்டும்.”

எனக்கு உடம்பு புல்லரித்துப் போய், இருந்த இடம் மறந்து எழுந்திருக்கப் பார்த்தேன். மேஜையில் மண்டை டமாரென்று இடித்தது. “ஐயோ, கீழ யாரு?” என்று அந்தம்மா அலற, நான் சுத்தியலும் கையுமாகத் தவழ்ந்து வெளியே வந்தேன். நெற்றி வீங்கியிருந்ததைப் பார்த்து அவரே கைக்குட்டையை நனைத்து அழுத்திப் பிடித்தார். “இந்த ஆபீஸ்ல மேஜைக்குக் கீழ கூடவா ஆள் வச்சு ஒட்டுக் கேக்குறீங்க?” என்று மேனேஜரைக் கேட்டார்.

அத்தான், ஆறு வருடமாக நாம் திட்டியது தசைநார் அறுந்த ஒரு முழங்காலை. அந்தக் காலோடு கடைசி வரை ஓடிய மனுஷனை நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை. சனிக்கிழமை தாங்கள் அவசியம் வந்து அவர் கையைக் குலுக்க வேண்டும். தங்கள் ஓய்வுப் பணத்தையும் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போடலாம். அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். நம் எல்லோருக்கும் முழங்கால் நீடூழி மடங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். இன்று காலை அந்த நர்ஸம்மா வந்து மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேனேஜர் கெஞ்சியதற்கு, “அந்தப் பிள்ளை பொய் சொல்லாது. அதுவே எப்ப ஏறும்னு தெரியாதுங்குது. அப்புறம் எந்தத் தைரியத்துல இங்க வைக்கிறது?” என்றார். ஆகவே தங்கள் பணத்தைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தது ஏணியேதான். லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டு வந்தவரிடம், “வருத்தமா இல்லையா சார்?” என்று கேட்டேன்.

“எதுக்குண்ணே? உள்ளதச் சொன்னேன். அவங்க அதக் கேட்டுத்தானே முடிவு பண்ணியிருக்காங்க” என்றார். சொல்லிவிட்டு, அடுத்த வாடிக்கையாளரின் ஃபைலை எடுத்துக்கொண்டு கூட்ட அறைப் பக்கம் போனார். அவருக்கு முன்னால் ஓடிப்போய் மேனேஜர் கதவில் நின்றுகொண்டு, “இன்னைக்கு நான் பேசறேன், நீ சும்மா பக்கத்துல உட்காரு” என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.