அஞ்சாவது செவ்வாய்க்கு முதல்நாள்

அச்சில் தன் பெயரைப் பார்க்க ஆசைப்படாத மனிதர் கிடையாது. சிலர் அதற்காகக் கவிதை எழுதுகிறார்கள். நான் ஒரு ஹோட்டல் ஒப்பந்தத்தில் என் பெயரை எழுதினேன். கவிதையே எழுதித் தொலைத்திருக்கலாம்.

பிலிமத்தலாவையில் இருபத்திரண்டு அறைகள் கொண்ட ஹோட்டல் ஒன்றில் கிளார்க்காக இருந்தேன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயரை வாசலில் மாட்டிக்கொள்ள எங்கள் முதலாளி ஒப்பந்தம் செய்தார். அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தது: சட்ட நோட்டீஸ் வந்தால் யார் பெயருக்கு, எந்த விலாசத்துக்கு அனுப்புவது? முதலாளிக்குப் பதிவுத் தபால் என்றாலே வியர்த்துவிடும்.

"உங்க பேரையே போட்டுக்குங்க தம்பி. எனக்கு பிரஷர் இருக்கு" என்றார்.

போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். நாங்கள் குடியிருக்கும் மஹய்யாவ சந்தில் தபால்காரர் என் பெயரைக் கூப்பிட்டு வெளிநாட்டு உறை கொடுப்பதை நாலு பேர் பார்க்கட்டுமே என்று, ஹோட்டல் விலாசத்துக்குப் பதில் வீட்டு விலாசத்தை எழுதினேன். (கொழுப்பு. வேறென்ன?)

ஆறு மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகு எங்கள் சந்தே என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியது. "எங்களையெல்லாம் மறந்துறாதீங்க" என்றார் எதிர்வீட்டு அக்கா. எனக்கு ஏதும் தீராத வியாதியோ, என்னிடம்தான் மறைக்கிறார்களோ என்று பயந்துபோனேன்.

ஒரு திங்கட்கிழமை கம்பெனியின் கொழும்பு அதிகாரி போன் செய்தார்.

"முப்பது நாள் தவணை நாளையோட முடியுது. பதிலே இல்லையே? போர்டைக் கழட்ட ஆள் அனுப்பவா?"

"நோட்டீஸே வரலீங்களே!"

"உங்க வீட்ல கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. நீங்க படிச்சீங்களா இல்லையாங்கிறது ஒப்பந்தத்துல கெடையாது."

போர்டு போனால் வெள்ளைக்காரர்கள் வரமாட்டார்கள், அவர்கள் வராவிட்டால் ஹோட்டல் நடக்காது, அதற்கெல்லாம் முன்னால் என் வேலை போகும். வீட்டுக்கு ஓடிவர ஏறிய பஸ் பேராதனைப் பாலத்தடியில் நகராமல் நின்றபோது இறங்கித் தள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

வீட்டில், முருகன் படத்துக்குக் கீழே அந்த உறை இருந்தது. சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வரத்தம்பூ.

உறையில் சிங்கப்பூர் முத்திரை; கம்பெனியின் தலைமை ஆபீஸ் அங்கேதான். இரண்டு வருடத்துக்கு முன் நான் அந்த ஊரில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். வந்திருப்பது அதற்கான நியமனக் கடிதம் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். அஞ்சு செவ்வாய் விளக்குப் போட்டு முடிக்கும்வரை உறையைத் திறப்பதில்லை, என்னிடம் மூச்சு விடுவதில்லை என்று நேர்ந்தும் விட்டார். (சந்து முழுக்கச் சொல்வதற்கு முருகன் தடை போடவில்லை போலிருக்கிறது.)

உறையில் கை வைத்தேன். அம்மா பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குத்தான்டா அஞ்சாவது செவ்வாய்! ஒரு நாள் பொறுக்க மாட்டியா?"

"நாளைக்கு போர்டைக் கழட்டிருவாங்கம்மா!"

கிழித்தேன். பின்பக்க அவசரக் கதவு உள்நோக்கித் திறக்கிறதாம், வெளிநோக்கித் திறக்கும்படி மாற்ற வேண்டுமாம். அவ்வளவுதான். முப்பது நாளில் ஹோட்டலின் எல்லாக் கதவுகளையும் திருப்பிப் போட்டிருக்கலாம்.

மறுநாள் விடிந்ததும் தச்சரைப் பிடித்து வந்தேன். அவர் ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு பிளேன்டீ குடித்தார். பகல் மூன்றரைக்குக் கதவு வெளியே திறந்தது. படமெடுத்து அனுப்பினேன். "சரி, போர்டு இருக்கட்டும்" என்று பதில் வந்ததும் கதிரையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல். முதலாளி ஒன்றும் திட்டவில்லை. தன் பிரஷர் மாத்திரையில் ஒன்றைப் பாதியாக உடைத்து நீட்டினார். அடுத்த வாரமே அந்தக் கட்டத்தில் அவர் பெயரும் ஹோட்டல் விலாசமும் ஏறின.

நடந்தது இதுதான் என்று அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. போன மாதம் என் மகள் ஏதோ தபாலை அவசரமாகக் கிழிக்கப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறு புள்ள. ஒங்கப்பன் இப்படித்தான் ஒரு நாள் முந்தித் தொறந்தான். சிங்கப்பூர் வேலையா இருந்த கடுதாசி நோட்டீஸா மாறிப்போச்சு."